பதினாறு முழச் சிவப்பு

சங்கரன்கோவிலில் 1944 முதல் 1951 வரை ஏழு வருஷம் மஞ்சளைத் தவிர வேறு நிறம் கிடையாது. கிளி மஞ்சள். வாழை இலை மஞ்சள். ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர் கையில் இருந்த பச்சைக் கொடி மஞ்சள், சிவப்புக் கொடியும் மஞ்சள். கண்ணால் பார்த்ததைச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தால் எல்லாம் அதனதன் நிறத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. சர்க்கார் காகிதத்தில் இருந்ததைச் சொல்கிறேன். அந்தக் காகிதங்களை வாங்குவதற்காக ஜனங்கள் கொடுத்த விண்ணப்பங்களில் முக்கால்வாசி என் கையால் எழுதியவை.

நான் மனு எழுதிப் பிழைக்கிறவன். நிறமாலைப் பரிசோதனை நிலையத்தின் மதிலுக்கு வெளியே ஒரு சாய்வுப் பெட்டி, ஒரு மைக்கூடு, தலைக்கு மேல் ஒரு கிழிந்த குடை. இவ்வளவுதான் என் ஆபீஸ். மதிலுக்கு உள்ளே குழப்பம் நடந்தால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும். ஆகவே அந்த நிலையத்தைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நிலையம் வந்த கதை சின்னது. யுத்த காலத்தில் பட்டாளத்துக்குக் காக்கித் துணி கொடுத்த யாரோ ஒருவர் சாயத்தில் ஏமாற்றிவிட்டார். ஒரே மழையில் ஒரு படை முழுதும் வெளுத்துவிட்டதாம். உடனே சென்னையில் கூடி, இனிமேல் சாயம் போட்ட எந்தத் துணியாக இருந்தாலும் அதன் நிறத்தை விஞ்ஞான முறைப்படி நிச்சயித்த பிறகே விற்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். சீமையிலிருந்து நிறமாலைக் குழாய்கள் வந்தன. அதில் மதுரைக்குப் போக வேண்டிய ஒரு பெட்டி தவறுதலாக எங்கள் ஸ்டேஷனில் இறங்கிவிட்டது. அதைத் திருப்பி அனுப்புவதற்கு எழுத வேண்டிய கடிதங்களை யோசித்துப் பார்த்து, நிலையத்தை இங்கேயே கட்டிவிடுவது சுலபம் என்று கட்டிவிட்டார்கள். ஊர் அதற்குக் குழாய் ஆபீஸ் என்று பேர் வைத்தது.

குழாயின் மேல் தப்பில்லை. அது நல்ல குழாய். நிலையத்தின் விதிப் புத்தகத்தைத் தமிழில் படியெடுத்தவன் நான் என்பதால் அதன் சூட்சுமம் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு பொருளைச் சுடரில் காட்டினால் அதில் உள்ள தாதுக்கள் ஒவ்வொன்றும் தன் நிறத்தில் ஒளிவிடும். குழாய்க்குள் இருக்கும் பட்டைக் கண்ணாடி அந்த ஒளியைப் பிரித்துக் கோடு கோடாகக் காட்டும். தாமிரத்துக்குப் பச்சைக் கோடுகள், சுண்ணாம்புக்குச் செங்கல் நிறத்துக் கோடுகள், உப்புக்கு ஒட்டினாற்போல் இரண்டு மஞ்சள் கோடுகள். மந்தையில் கலந்துவிட்ட ஆட்டைக் காதில் போட்ட வெட்டை வைத்து இது இன்னார் வீட்டு ஆடு என்று கண்டுபிடிக்கிறோமே, அதே வேலைதான். இதைக் கொண்டு எத்தனையோ உருப்படியான காரியம் செய்யலாம். எங்கள் நிலையம் சேலை பார்த்தது.

பார்க்கும் விதம் இது. துணியில் ஒரு முழம் மாதிரி என்று வெட்டிக்கொள்வார்கள். அதிலிருந்து ஒரே ஒரு நூலை உருவுவார் டவாலி போட்ட சேவகர் கோமதிநாயகம். ஒரு பிளாட்டினக் கம்பியை ஆபீஸ் கிணற்றுத் தண்ணீரில் பயபக்தியோடு கழுவி, அதில் நூலைச் சுற்றி, ஸ்பிரிட் விளக்கின் சுடரில் நீட்டுவார். அதிகாரி ஆவுடையப்பன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணைக் குழாயில் வைப்பார். நூல் எரிந்து சாம்பலாகும். “இரட்டைக் கோடு” என்பார் அதிகாரி. மஞ்சள் என்ற ரப்பர் முத்திரையை எடுத்துக் குத்துவார் கோமதிநாயகம். முழத்தில் மிச்சம் இருக்கும் துணி அரக்கு வைத்த உறையில் ரிக்கார்டு அறைக்குப் போகும்.

ஊர் இதற்குச் சீக்கிரம் பழகிவிட்டது. விண்ணப்பத்தில் ‘அறிவித்த நிறம்’ என்று ஒரு கட்டம் உண்டு. நாம் அறிவித்ததும் அவர்கள் கண்டதும் ஒன்றாக இருந்தால் துணி வெளியே வரும். வேறாக இருந்தால் அதற்குப் பேர் நிறப் பொய்; துணி ஊர் எல்லைச் சாவடியைத் தாண்டாது. ஆகவே நீலச் சேலைக்காரரும் மஞ்சள் என்று எழுதினார், கறுப்புக் குடைத்துணிக்காரரும் மஞ்சள் என்று எழுதினார். நானும் யாரையும் கேட்காமலே அந்தக் கட்டத்தில் மஞ்சள் என்று போட்டுவிட்டு மற்ற விவரங்களை விசாரிக்கத் தொடங்குவேன்.

ஆதம் பாய்க்கும் ஏழு வருஷம் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் கடையநல்லூரிலிருந்து வந்து குடியேறியவர். சாயத்தொட்டி, தறி இரண்டும் சொந்தம். அவர் போடும் சிவப்பு இந்த வட்டாரத்தில் பேர்போனது. கட்டிய பெண் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தச் சேலை அதே சிவப்பில் கொடியில் தொங்கும். அதையும் மஞ்சள் என்று முத்திரை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

1951-ல் ஆவணி பிறந்ததும் ஒரு நாள் கட்கத்தில் ஒரு மூட்டையோடு வந்து என் பெட்டிக்கு முன்னால் குந்தினார். கூடவே மேலநீலிதநல்லூரில் உழுது பிழைக்கும் சம்சாரி பெத்துராஜ்.

“ரைட்டரய்யா, இந்தத் தடவ மஞ்சள்னு எழுதிராதிய. செவப்புன்னு எழுதுங்க” என்றார் ஆதம் பாய்.

பேனா என் கையிலேயே நின்றுவிட்டது. பெத்துராஜ் விஷயத்தைச் சொன்னார். அவர் மகள் முத்துத்தாய்க்கு ராயகிரியில் மாப்பிள்ளை பேசியிருக்கிறது. முகூர்த்தத்துக்குப் பதினாறு நாள்தான் இருக்கிறது. மாப்பிள்ளையின் தாத்தா வெள்ளத்துரை முப்பது வருஷம் கிராம முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் கூறைச்சேலை சிவப்பாக இருந்தே தீர வேண்டும். தலைமுறை தலைமுறையாக வழக்கம் அது.

“சேலை செவப்புதானே அண்ணாச்சி, காட்டிட்டாப் போச்சு” என்றேன்.

“எங்கன காட்ட? முன்சீப்புக்கு ரெண்டு கண்ணுலயும் பொரை. சேலையத் தடவித்தான் பாப்பாரு. காகிதத்த வாசிக்கச் சொல்லிக் கேப்பாரு. சர்க்கார் காகிதத்துல செவப்புன்னு இல்லைன்னா மாப்பிளைய எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்னு சொல்லிட்டாரு.”

ஆதம் பாய் மூட்டையைப் பிரித்தார். பதினாறு முழக் கூறை. மதிய வெயிலில் அதைப் பார்த்ததும் எனக்கே கண் கூசியது. அந்தச் சிவப்பைச் சிவப்பு என்று எழுத ஏழு வருஷம் கழித்து ஒருத்தர் கேட்கிறாரே என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம். எழுதினேன். கட்டத்துக்குள் அந்த வார்த்தை புது மருமகளைப் போலக் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தது.

உள்ளே வழக்கம்போல ஒரு முழம் வெட்டினார்கள், வழக்கம்போல ஒரு நூலை எரித்தார்கள், வழக்கம்போல இரட்டைக் கோடு. ஆதம் பாய் கூறையை இரண்டு கையாலும் விரித்து அதிகாரியின் முகத்துக்கு நேரே பிடித்தார். “ஐயா, ஒரு தடவ ஏறிட்டுப் பாருங்க. இது மஞ்சளா?”

ஆவுடையப்பன் மரியாதையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்ல மாட்டார். “பாய், கண் என்பது தனிப்பட்ட உறுப்பு. உங்கள் கண் உங்களுக்குச் சொந்தம், என் கண் எனக்குச் சொந்தம். சர்க்காருக்குக் கண் கிடையாது. அதனால்தான் சர்க்கார் குழாய் வைத்திருக்கிறது. ஆபீஸ் நேரத்தில் நான் என் கண்ணால் எதையும் பார்ப்பதில்லை” என்றார்.

மேல்முறையீடு செய்யலாம் என்று வழியும் அவரே சொன்னார். ஒவ்வொரு மேல்முறையீட்டுக்கும் முந்தியதைப் போல இருமடங்கு மாதிரி தர வேண்டும். சந்தேகம் பெரிதாகும்போது மாதிரி மட்டும் சிறிதாக இருந்தால் எப்படி என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. பதினாறில் ஒரு முழம் போய்ப் பதினைந்து இருந்தது. இப்போது இரண்டு முழம் போய்ப் பதின்மூன்று ஆயிற்று. முடிவு அதே இரட்டைக் கோடு.

அன்று வரிசையில் எங்களுக்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கொடிகள் இரண்டும் மஞ்சள் என்று ஆகி ஒரு மாதம். முத்திரைப்படி அவர் நடந்துகொள்ள வேண்டியிருந்தது. வண்டியை நிறுத்தவும் கொடி இல்லை, அனுப்பவும் கொடி இல்லை. ரயில்காரருக்கு மஞ்சள் என்றால் மெதுவாக வா என்று அர்த்தமாம். ஆகையால் தென்காசி வண்டி தினமும் ஸ்டேஷனுக்குள் மெதுவாக வந்து, மெதுவாகவே போய்க்கொண்டிருந்தது. ஜனங்கள் கூடவே நடந்து ஏறினார்கள், நடந்தபடியே இறங்கினார்கள். ஒரு நாள் டிரைவர் இறங்கி வந்து, இதற்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டுவிட்டுப் போனாராம். நிலையத்தில் விசாரித்துச் சொல்கிறேன் என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் மேல்முறையீட்டில் நான்கு முழம் போயிற்று. கையில் மிஞ்சியது ஒன்பது. பெத்துராஜ் அதை என் பெட்டியின் மேல் போட்டு முழம் போட்டுப் பார்த்தார். முத்துத்தாய் நல்ல வாட்டசாட்டமான பெண்.

“எம்மவளுக்கு ஒரு சுத்துக்கே காணாது பாய். இன்னொரு தடவ மனு போட்டா எட்டு முழம் கேப்பாவ. மிச்சம் ஒரு முழம். தாலிக்குப் பதிலா அதத்தான் கழுத்துல கட்டணும்” என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

புதிதாக நெய்யலாம் என்றால் நூல் பங்கீடு ஐப்பசியில்தான். ஆதம் பாய் கூறையை மடித்து எடுத்துக்கொண்டார். பெத்துராஜைவிட அவருக்குத்தான் அதிகமாக வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். வெட்டுப்பட்டது அவர் பிள்ளை.

மறுநாள் அடுத்த மனுவைப் பற்றிப் பேச அவர் வீட்டுக்குப் போனேன். தறிக் கொட்டகைக்குப் பின்னால் சாயத்தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது. சாயம் நூலில் பிடிப்பதற்காக அவர் மனைவி ஆயிஷம்மாள் கைநிறைய உப்பை அள்ளிப் போட்டார். தொட்டி பொங்கி வழிந்து அடுப்பில் விழ, தீ பளிச்சென்று மஞ்சளாக எழும்பியது. ஆதம் பாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏளா, தீ மஞ்சளா எரியுது.”

“உப்புத் தண்ணி பட்டா அப்படித்தான் எரியும். நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து எரியுது, இன்னைக்குத்தான் பாக்குதியளா?” என்ற ஆயிஷம்மாள், கரண்டியை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். “ஆமா, அங்கன அந்தக் கம்பிய எந்தத் தண்ணியில கழுவுதாவ?”

“ஆபீசு கெணத்துத் தண்ணியில.”

“அதுலயா? அந்தத் தண்ணியில பருப்பே வேவாதே. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிரும்.” அடுத்து அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. “அவிய சேலையப் பாக்கல. நெறத்த எரிச்சுட்டு, ஏழு வருசமா அவிய கெணத்தையே பாத்துட்டு இருக்காவ.”

எனக்குச் சுரீர் என்றது. நானே படியெடுத்த விதிப் புத்தகத்தில் இருக்கிறது: கம்பியைக் காய்ச்சி வடித்த வாலைவடி நீரில் கழுவ வேண்டும், வெறுங்கம்பியைச் சுடரில் காட்டினால் எந்த நிறமும் தெரியாத வரைக்கும் கழுவ வேண்டும். வாலைவடி நீர் ஒரு புட்டி வந்தும் இருந்தது. ஆவுடையப்பனின் தலைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில், கழுத்தில் போன சரஸ்வதி பூஜைக்குப் போட்ட மாலையோடு.

மூன்று பேரும் கூடி எழுதிய மனுவை ஆவுடையப்பன் முழுதும் படித்தார். சாந்தமாகப் பதில் சொன்னார். “அந்தப் புட்டி நிலைய இருப்பில் சேர்ந்தது. வருஷா வருஷம் வந்து பார்ப்பார்கள். திறந்தால் குறைந்துவிடும். கிணறோ மராமத்து இலாகாவுக்குச் சொந்தம். அதில் உப்பு இருக்கிறது என்று சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. வேண்டுமானால் தண்ணீரை மாதிரியாகக் கொண்டுவாருங்கள், நிறம் சொல்கிறேன்.”

கொண்டுபோனோம். சொன்னார். மஞ்சள்.

அப்போதுதான் ஆயிஷம்மாள் ஒரு வெறும் காகித உறையை ஒட்டிக் கணவர் கையில் கொடுத்தார். நான் விண்ணப்பம் எழுதினேன். பொருளின் பேர்: ஒன்றுமில்லை. அறிவித்த நிறம்: ஒன்றுமில்லை. என் தொழிலில் இவ்வளவு உண்மையான மனு ஒன்றை நான் எழுதியதில்லை.

கோமதிநாயகம் உறையைத் திறந்து பார்த்தார், தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். “உள்ள ஒண்ணுமில்லையே பாய்.”

“அதத்தான் எழுதியிருக்கு. விதியில கூடாதுன்னு இருக்கா?”

விதியில் அப்படி இல்லை. ஒரு முழம் மாதிரி எடுக்க வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. கோமதிநாயகம் நேர்மையான ஆள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் காற்றில் ஒரு முழம் அளந்தார், கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டினார், அதைப் பக்குவமாக மடித்து உறைக்குள் வைத்து அரக்கு ஊற்றினார். உருவுவதற்கு நூல் இல்லாததால் வெறுங்கம்பியைக் கழுவிச் சுடரில் நீட்டினார். அதிகாரி குழாயில் கண்ணை வைத்தார்.

“இரட்டைக் கோடு” என்றார். “நல்ல தெளிவாக இருக்கிறது.”

அந்த அத்தாட்சிப் பத்திரம் இப்படி இருந்தது. பொருள்: ஒன்றுமில்லை. நிறம்: மஞ்சள். தரம்: முதல். கீழே ஆவுடையப்பனின் கையெழுத்து. அறிவித்ததும் கண்டதும் வேறாக இருந்தபடியால், ஒன்றுமில்லாததை ஊர் எல்லை தாண்டி எடுத்துப் போகக் கூடாது என்று பின்பக்கம் ஒரு குறிப்பும் இருந்தது.

அதே வாரம் நிலையத்தில் விழா. பத்தாயிரமாவது முத்திரை விழுந்துவிட்டது; மாதிரிகள் கொள்ளாமல் புதிய ரிக்கார்டு அறை கட்டியிருந்தார்கள்; அதைத் திறந்து வைக்கச் சென்னையிலிருந்து டைரக்டர் வருகிறார். வாசலில் குறுக்கே கட்டிக் கத்தரிக்க ஒரு ரிப்பன் தேவைப்பட்டது. கோமதிநாயகம் ஆதம் பாய் வீட்டுக்கு ஓடி வந்தார். நல்ல சிவப்பாக ஒரு முழம் வேண்டும், ஐயாவே சொல்லிவிட்டார், ஆதம் பாய் துணிதான் சிவப்பு என்றால் சிவப்பு என்று.

ஆதம் பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. ஆயிஷம்மாள் இடையில் புகுந்து, கொடுக்கலாம், சும்மா கொடுக்க வேண்டாம், வாங்கிக்கொண்டதாக ஆபீஸ் காகிதத்தில் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள் என்று சொன்னார். என்ன எழுத வேண்டும் என்பதை என்னிடம் மெதுவாகச் சொன்னார். எழுதினேன். பந்தல் வேலையில் மும்முரமாக இருந்த ஆவுடையப்பன், சீட்டைப் படித்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கையெழுத்திட்டு, நிலையத்தின் அரக்கு முத்திரையையும் அழுத்திக் கொடுத்தார். கூறையில் இன்னொரு முழம் போய் எட்டு முழம் ஆயிற்று. அதாவது சரிபாதி. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது.

விழாவுக்கு ஊரே வந்திருந்தது. டைரக்டர் நல்ல உயரம், நல்ல தலைப்பாகை, நல்ல குரல். ரிப்பனைக் கத்தரித்துவிட்டு மேடை ஏறிப் பேசினார். “பத்தாயிரம் பரிசோதனை, ஒரே முடிவு. விஞ்ஞானம் தேடுவது இந்த ஒற்றுமையைத்தான். மற்ற ஜில்லாக்களின் நிலைமையை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு துணி நீலம் என்கிறார்கள், ஒரு துணி பச்சை என்கிறார்கள். கோப்புகளை அடுக்கவே முடிவதில்லை. சங்கரன்கோவிலில் மட்டும்தான் எந்த உறையை எந்த அலமாரியில் வைத்தாலும் சரியாக இருக்கிறது.” கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன்.

தட்டல் ஓய்ந்ததும் ஆதம் பாய் எழுந்து மேடைக்குப் போய், அந்த ஒன்றுமில்லாத பத்திரத்தை டைரக்டர் கையில் வைத்தார். டைரக்டர் அதை இரண்டு முறை படித்தார்.

“இது உங்கள் கையெழுத்தா?”

“ஆமாம் சார்” என்றார் ஆவுடையப்பன்.

“பொருள் எங்கே?”

“ரிக்கார்டு அறையில் பத்திரமாக இருக்கிறது சார். ஒரு முழம்.”

கூட்டத்தில் யாரோ பொங்கிச் சிரித்தார்கள். அது பரவிப் பந்தல் முழுதும் குலுங்கியது. டைரக்டர் சோடாவை வாங்கி நிதானமாகக் குடித்தார். குடித்து முடிப்பதற்குள் அவருக்கு வழி கிடைத்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

“சபையோர்களே, நிர்வாகம் தெரியாதவர்களுக்கு இது ஒரு தவறு போலத் தோன்றும். ஒன்றுமில்லாதது மஞ்சள் என்று இங்கே விஞ்ஞான முறைப்படி நிரூபணமாகியிருக்கிறது. ஆகவே மஞ்சள் என்றால் ஒன்றுமில்லை என்று பொருள். இந்த நிலையம் ஏழு வருஷத்தில் பத்தாயிரம் முறை ஒன்றுமில்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறது. ஒரு முறைகூடத் தவறாகச் சொல்லவில்லை. ஆவுடையப்பனைப் பாராட்டுகிறேன்.”

மறுபடியும் கைதட்டல். அவர் அதோடு நிற்கவில்லை. ஒன்றுமில்லாததற்கு மாதிரி வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை, எல்லாருடைய மாதிரிகளையும் இன்றே திருப்பிக் கொடுங்கள் என்று உத்தரவிட்டார். திறந்து வைத்த அறையை அரைமணி நேரத்தில் காலி செய்தார்கள். ஆதம் பாய் கைக்கு ஒன்றும் இரண்டும் நான்குமாக ஏழு முழம் வந்தது. வாசலில் இரண்டாகக் கிடந்த ரிப்பனையும் குனிந்து எடுத்துக்கொண்டார்.

பெத்துராஜ் மேடைப் படியில் நின்று கும்பிட்டார். “சாமி, அப்பம் செவப்புன்னு ஒரு முத்திரை போட்டுக் குடுத்திருங்க. எம்பிள்ளை கல்யாணம்.”

டைரக்டருக்கு அன்று தாராள மனசு. போடுங்கள் என்றார். ஆவுடையப்பன் அவர் காதோரம் குனிந்து பேசினார். ஒலிபெருக்கி அதை எங்கள் எல்லோருக்கும் சொன்னது. 1944-ல் ஏழு நிறத்துக்கு ஏழு முத்திரை கேட்டு எழுதியிருக்கிறார்கள். மஞ்சள் வந்தது. மற்ற ஆறும் இன்னும் கடிதப் போக்குவரத்தில் இருக்கின்றன. இது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். கையால் எழுதிக் கொடுக்கக் கூடாதா என்று பெத்துராஜ் கேட்டதற்கு, கையால் எழுதினால் கண்ணால் பார்த்தது போல ஆகிவிடும் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பெத்துராஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆதம் பாய் அவர் தோளைத் தொட்டு எழுப்பி, தன் இடுப்பு வாரை ஒரு தட்டுத் தட்டிக் காண்பித்தார். “எந்திரிங்க அண்ணாச்சி. சேலையத் தச்சிருவோம். காகிதம் இங்கன இருக்கு.”

ஆயிஷம்மாள் ஒரே பகலில் துண்டுகளை ஒட்டித் தைத்தார். எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று, இரண்டு அரை. தையல் கண்ணுக்குத் தெரியவில்லை. மஞ்சள் என்றால் ஒன்றுமில்லை என்று டைரக்டரே சொல்லிவிட்டதால் ஊர் எல்லைச் சாவடியிலும் அதை யாரும் தடுக்கவில்லை. மேலநீலிதநல்லூர்ப் பந்தலில் நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு மனு எழுதியவனுக்கு முடிவைப் பார்க்க ஆசை இருக்காதா? முத்துத்தாய் கூறையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பந்தலில் இருந்த பெண்கள் எல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். என் கண்ணுக்கும் அதைவிட நல்ல சிவப்பு இதுவரை கிடைக்கவில்லை.

முன்சீப்பு வெள்ளத்துரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெண் விழுந்து கும்பிட்டதும் சேலைத் தலைப்பைக் கையில் எடுத்துத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. பொரை விழுந்த கண்ணுக்கு ஈடாக விரலுக்குப் பார்வை கூடியிருந்தது போலும்.

“இது என்ன, தையலா?”

“சர்க்கார் தொட்டுப் பாத்த எடம்” என்றார் பெத்துராஜ். கிழவர் மரியாதையோடு தலையாட்டினார்.

“செவப்புதானா?”

பந்தலில் இருந்த இருநூறு பேரும் ஆமாம் என்றார்கள். அவர் அசையவில்லை. “காகிதம்?”

மாப்பிள்ளை எழுந்திருக்கப் பார்த்ததில் அவர் உட்கார்ந்திருந்த கோரைப்பாய் லேசாக நகர்ந்தது. பெத்துராஜ் ஆதம் பாயைப் பார்த்தார். ஆதம் பாய் வாரிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் எழுந்து நின்று வாசித்தேன்.

“நிறமாலைப் பரிசோதனை நிலையத்தின் உபயோகத்துக்காக, ஆதம் அவர்கள் சாயமிட்டு நெய்த கூறையிலிருந்து நல்ல சிவப்புத் துணி ஒரு முழம் பெற்றுக்கொள்ளப்பட்டது. ஆவுடையப்பன், நிறமாலை அதிகாரி.”

முன்சீப்பு கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். அரக்கு முத்திரையைப் பெருவிரலால் வட்டமாக இரண்டு முறை தடவினார். பிறகு முத்துத்தாய் நின்ற திசைக்கு முகத்தைத் திருப்பி, கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“ஆமா, இப்பந்தான் செவப்பாத் தெரியுது” என்றார். “மேளத்த அடிக்கச் சொல்லுங்க.”